சாணைப் பட்டறைக்குக் குளம் எதற்கு?

அருகிலேயே ஓடை ஓடும்போது, நீர்ச்சக்கரத்தால் இயங்கிய சாணைப் பட்டறைக்குத் தனியே ஒரு குளம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், போர்ட்டர் ஓடைக்கரையில் இன்றும் நிற்கும் ஷெப்பர்ட் வீல் பட்டறையே இதற்கு நல்ல விடை. 1584ஆம் ஆண்டின் உயில் ஒன்றிலேயே இவ்விடத்துச் சக்கரம் குறிப்பிடப்படுகிறது.

போர்ட்டர் மிகச் சிறிய ஓடை. அதன் நீரைத் தடுப்பணையால் திருப்பி, கால்வாய் வழியே குளத்தில் தேக்கி, வேலை நேரத்தில் மதகைத் திறந்து சக்கரத்தின் உச்சியில் விழச் செய்தால்தான், ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள அச்சக்கரம் விடாமல் சுழலும். குளம் வற்றினால் வேலையும் நின்றுவிடும்.

உள்ளே, தொழிலாளர் குதிரைமேல் அமர்வதுபோல் மர இருக்கையில் இருபுறமும் காலிட்டு அமர்ந்து, நீரில் நனைந்து சுழலும் மணற்கல்லின்மேல் கத்தியை உடல் பாரத்தோடு அழுத்துவார். மஞ்சள் சேறு சுவரெங்கும் தெறிக்கும். அந்தக் கல்தூசு நுரையீரலை அரித்துப் பலரை இளவயதிலேயே பலிகொண்டது. நீரின்றி முள்கரண்டி தீட்டியவர்களின் நிலை இன்னும் கொடியது. இத்துயரத்தைச் சொல்லாமல் ஷெஃபீல்டு கத்தியின் புகழை மட்டும் பேசுவது நியாயமாகாது என்றே கருதுகிறேன்.

1930இல் இங்கு வேலை நின்றது. பழுதுபார்க்கப்பட்ட பட்டறை 2012இல் மக்கள் பார்வைக்கு மீண்டும் திறக்கப்பட்டது.