பெரிய டிஸ்க் போட்டால் பிரேக் பிடிக்குமா?

பைக் கேள்வி–பதில்: கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவை

யமஹா ஆர்15 வி3 வைத்திருக்கிறேன். முன் டிஸ்க் 282 மி.மீ. ஈ.சி.ஆரில் காலாப்பட்டு தாண்டி வேகமாகப் போகும்போது பிரேக் போதவில்லை. இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. 320 மி.மீ. டிஸ்க் மாட்டலாமா?
– முத்தியால்பேட்டை வாசகர்

லீவர் கைப்பிடி வரை வருவதற்கும் டிஸ்க்கின் அளவுக்கும் சம்பந்தமில்லை. ஹோஸில் ஏர் இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் ஈரம் குடித்துப் பழசாகிவிட்டது. இந்த நிலையில் 320 போட்டாலும் லீவர் அதே இடத்துக்குத்தான் வரும்.

பெரிய டிஸ்க்கால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் பார்த்துவிடலாம். பிரேக் விசை வேலை செய்வது டிஸ்க்கின் விளிம்பில் அல்ல, டிஸ்க்கைக் கவ்வும் பேடின் நடுவில். பேட் சுமார் 30 மி.மீ. உயரம் என்று வைத்தால், 282 டிஸ்க்கில் அந்தத் தூரம் 126 மி.மீ., 300 டிஸ்க்கில் 135, 320 டிஸ்க்கில் 145. அதாவது 300-க்கு மாறினால் 7 சதவீதம், 320-க்கு மாறினால் 15 சதவீதம் கூடுதல். நல்ல சின்டர்டு பேடுக்கு (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது) மாறினாலே பிடிப்பில் இந்த அளவு வித்தியாசம் தெரியும். அதற்கு பிராக்கெட் எதுவும் தேவையில்லை.

320-க்குப் போனால், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரை வெளிப்பக்கமாக 19 மி.மீ. நகர்த்த வேண்டும். அதற்கு ஒரு அடாப்டர் பிராக்கெட் வேண்டும். லேத் பட்டறையில் கிடைத்த தகட்டை வெட்டி ஓட்டை போட்டு மாட்டுவதைப் பார்க்க முடிகிறது. தயவுசெய்து வேண்டாம். முழு பிரேக் விசையும் அந்தத் துண்டின் வழியாகத்தான் ஃபோர்க்குக்குப் போகிறது. கேலிப்பர் அரை மில்லி சாய்ந்திருந்தாலும் பேட் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தேயும்; பிஸ்டன் சாய்ந்து சீல் கசியும். டிஸ்க்கின் நடுப்பகுதி எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதும் பைக்குக்குப் பைக் மாறும். போல்ட் ஓட்டை பொருந்துகிறது என்பதற்காக டிஸ்க் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. ஏ.பி.எஸ். (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக் என்றால், சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சார் வளையத்தின் பல் எண்ணிக்கையும், வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியும் மாறவே கூடாது. மாறினால் ஏ.பி.எஸ். விளக்கு எரியும்; மோசமான நிலையில் தப்பான வேகத்தைப் படித்து, வேண்டாத நேரத்தில் பிரேக்கை விட்டுவிடும்.

உங்களுக்கு எங்கள் வரிசை இது: முதலில் புது டாட் 4 வகை பிரேக் ஆயில், முழுதாக ஏர் எடுத்து. அடுத்து சின்டர்டு பேட். அதற்கும் லீவர் பஞ்சு மாதிரி இருந்தால் எஃகு வலை பின்னிய ஹோஸ். ஹோஸ் வாங்கும்போது, அதைக் கேலிப்பரில் இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் மரையைக் கவனியுங்கள். ஜப்பான் பைக்குகளில் பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட், 1.25 மி.மீ. மரை இடைவெளி; கே.டி.எம்.மில் வரும் பைப்ரே கம்பெனி கேலிப்பரில் 1.0. இரண்டும் கையால் இரண்டு சுற்று ஏறும். அதற்கு மேல் ஸ்பானர் போட்டால் கேலிப்பரின் மரை போயிற்று. ஒவ்வொரு பேன்ஜோவுக்கும் இரண்டு செம்பு வாஷர், இரண்டும் புதிதாக.

இத்தனைக்கும் பிறகு முன்சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு, அல்லது ஏ.பி.எஸ். துடிக்கும் அளவுக்குப் பிடிக்கிறதென்றால், மிச்சக் குறை டயரில்தான். எந்த டிஸ்க்கும் டயரின் பிடிமானத்தைத் தாண்டி நிறுத்தாது.

கே.டி.எம். ஆர்.சி. 390, பழைய மாடல். 300 மி.மீ. டிஸ்க் தேய்ந்துவிட்டது. அதே அளவில் ஃப்ளோட்டிங் டிஸ்க் (வெளி வளையம் தனியாக அசையும் வகை) வாங்கியிருக்கிறேன். நானே மாட்டலாமா? என்ன கவனிக்க வேண்டும்?
– நெய்வேலி வாசகர்

அதே அளவு, அதே பைக்குக்கென்று செய்தது என்றால் மாட்டலாம். இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

பழைய டிஸ்க் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று மைக்ரோமீட்டரில் பாருங்கள். வெர்னியர் சரிவராது, விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டில் உட்கார்ந்து பொய் சொல்லும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் மேலே இருக்கும்படி வைக்கவும், டிஸ்க் தரையில் படக் கூடாது. போல்ட்டுகள் கம்பெனியிலேயே லாக்டைட் (மரைப் பசை) போட்டு இறுக்கப்பட்டவை. எடுத்த எடுப்பில் எல்-கீ போட்டுத் திருகினால் தலை வழுக்கிவிடும். ஹாட் கன்னால் ஒவ்வொரு போல்ட்டையும் சூடாக்கி, தலையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, தேயாத பிட்டைக் கடைசி வரை இறக்கிக் கழற்றவும். புது போல்ட் போடுவதே நல்லது.

அடுத்ததுதான் பெரும்பாலானோர் தாண்டிப் போகும் இடம். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் பழைய லாக்டைட் தூள், துரு, உப்புப் பூத்த அலுமினியம் எல்லாம் இருக்கும். அங்கே ஒரு முடி அளவு மேடு இருந்தாலும் 300 மி.மீ. விளிம்பில் அது பல மடங்காகத் தெரியும். மெல்லிய எமரி தாளால் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். புது டிஸ்க்கின் மேல் உள்ள துருத் தடுப்பு எண்ணெயையும் கிளீனரால் போக்கிவிடுங்கள்.

சுழற்சி அம்புக்குறி இருந்தால் திசை பார்த்து வைத்து, போல்ட்டுக்கு நீல நிற லாக்டைட் ஒரு துளி. எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கவும். சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்கே கடைசி வார்த்தை.

பிறகு, டிஸ்க் பக்கவாட்டில் ஆடுவதை அளக்கும் டயல் கேஜை ஃபோர்க்கில் பிடிக்க வைத்து, முனையை டிஸ்க் விளிம்பிலிருந்து சற்று உள்ளே வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். அனுமதிக்கும் ஆட்டம் பைக்கைப் பொறுத்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரை மேனுவல்களில் இருக்கும். கூடுதலாகக் காட்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். பல நேரம் ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

பழைய பேடைப் புது டிஸ்க்கில் போடாதீர்கள், பழைய டிஸ்க்கின் வரி அதில் பதிந்திருக்கும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் அதன் வெளிப்பகுதியைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள்; அந்த அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழியும். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாம் முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். இதை மறந்தால் தெருமுனையில் பிரேக்கே இருக்காது.

கடைசியாக பெட்டிங், அதாவது புது பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடொன்று பழக்குவது. ஆளில்லாத நேர்சாலையில், அதிகாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகப் பத்துப் பன்னிரண்டு முறை குறையுங்கள், நடுவில் சற்று ஓடவிட்டு. சூடான டிஸ்க்கை லீவரோடு இறுக்கிப் பிடித்து நிற்காதீர்கள்; பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் அச்சாக ஒட்டிக்கொள்ளும்.

புது டிஸ்க் போட்டு ஒரு மாதத்தில் லீவர் விரலில் துடிக்கிறது. மெக்கானிக் 'டிஸ்க் பெண்டு' என்கிறார்.
– மஞ்சக்குப்பம் வாசகர்

இருக்கலாம். ஆனால் பாதி 'பெண்டு' உண்மையில் பெண்டு அல்ல. மேலே சொன்னபடி பேட் பொருள் திட்டுத்திட்டாகப் படிந்ததுதான். டயல் கேஜில் ஆட்டம் இல்லை, ஆனாலும் துடிக்கிறது என்றால் டிஸ்க்கை எமரி தாளால் வட்டவட்டமாகத் தேய்த்துக் கிளீனரால் துடைத்து, பேடையும் லேசாகத் தேய்த்து, மறுபடி பெட்டிங் செய்யுங்கள். செலவு ஒரு எமரி தாள். ஆட்டம் இருந்தால் ஹப் முகத்தைப் பாருங்கள். டிஸ்க்கைக் குற்றம் சொல்வது அதற்கும் பிறகு.

ஃப்ளோட்டிங் டிஸ்க் மாட்டியபின் ஒயிட் டவுன் கல் பதித்த தெருக்களில் முன்பக்கம் 'டக் டக்' என்கிறது.
– லாஸ்பேட்டை வாசகர்

முழு ஃப்ளோட்டிங் டிஸ்க்கின் குணமே அது. வெளி வளையம் சூட்டில் தாராளமாக விரிய, அதை நடுப்பகுதியோடு இணைக்கும் பட்டன்களில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். செமி ஃப்ளோட்டிங்கில் அலை வாஷர் அழுத்திப் பிடிப்பதால் சத்தம் குறைவு. தெருவில் ஓட்டுபவர்களுக்கு அதுவே போதும். கையால் ஆட்டிப் பார்த்து ஒரு பட்டன் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் ஆடினால்தான் கவலை.

டாட் 5 ஆயில் டாட் 4-ஐவிட உயர்ந்ததுதானே?
– வில்லியனூர் வாசகர்

எண் பெரிதென்று ஏமாற வேண்டாம். டாட் 5 சிலிக்கான் ஆயில். உங்கள் பைக்கில் ஊற்றக் கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 வகையே. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு 260, 180. நம் கடலோரக் காற்றில் திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. சிறிய பாட்டில் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சில்வர் பீச்சுக்குப் போய் வந்து ஒரு இரவு நிறுத்தினாலே டிஸ்க் சிவந்துவிடுகிறது. தரம் குறைந்த டிஸ்க்கா?
– தேவனாம்பட்டினம் வாசகர்

இல்லை. டிஸ்க் எஃகு வேறு வகை, சமையலறை ஸ்டீல் போல இருக்காது. நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். மணல்தான் எதிரி: பேடில் புதைந்து டிஸ்க்கில் வரி போடும். வீடு திரும்பியதும் டிஸ்க் ஆறியபின் நல்ல தண்ணீரால் கேலிப்பரைக் கழுவுங்கள். டிஸ்க்கில் எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம்.

டிஸ்க் மாற்றினால் போலீஸ் பிடிப்பார்களா?
– அரியாங்குப்பம் வாசகர்

தேய்ந்ததற்குப் பதில் அதே அளவு போடுவது உதிரிபாகம் மாற்றுவதுதான். பிராக்கெட் வைத்து அளவைக் கூட்டுவது, இன்னொரு பக்கமும் டிஸ்க் சேர்ப்பது, ஏ.பி.எஸ்.ஸைக் கழற்றுவது வேறு கதை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். பழைய டிஸ்க், புது டிஸ்க்கின் பில் இரண்டையும் எடுத்து வையுங்கள்.