வலது ஓரத்தில் எழுதியவை

கேள்வி: நான் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியை. என் கணவர் 2001 முதல் 2012 வரை வேலூரில், மருத்துவமனைக்கு அருகில் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் நடத்தினார். இப்போது ஊரிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் தான் பார்த்த வேடிக்கையான, ஒன்றுக்கும் உதவாத இணையதளங்களை மூன்று நோட்டுகளில் குறித்து வைத்திருக்கிறார். அவற்றை ஒரு நகைச்சுவை வழிகாட்டிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். 1,000 பிரதிக்கு 60,000 ரூபாய் ஆகுமாம். நான் சீட்டு எடுத்து வைத்திருக்கும் பணத்தைக் கேட்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனோ, “பாதித் தளங்கள் இன்று இல்லவே இல்லை, போகாத ஊருக்கு வழி சொல்கிறார் அப்பா” என்று சிரிக்கிறான். சொந்தபந்தங்களும் சக ஆசிரியர்களும் என்ன சொல்வார்களோ என்று எனக்குக் கவலை. தடுப்பதா, விட்டுவிடுவதா? நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களும், அவர் தட்டச்சு செய்ததிலிருந்து இரண்டு பக்கங்களும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தடுக்காதீர்கள். 60,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் அனுப்பிய நான்கு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதலில் தட்டச்சுப் பக்கங்கள். ஒரு முகவரி, அதன் கீழே இரண்டு வரிக் கிண்டல். மறுபடி ஒரு முகவரி, இரண்டு வரிக் கிண்டல். “வெள்ளெலிகள் வரிசையாக நின்று ஆடும் பக்கம். செய்தவருக்கு வேலை வெட்டி இல்லை போலும்.” நான்காவது முகவரிக்கு வரும்போதே எனக்கு அலுத்துவிட்டது.

பிறகு நோட்டின் நகலை எடுத்தேன். கோடு போட்ட தாளை ஸ்கேல் வைத்து மூன்று பத்திகளாகப் பிரித்திருக்கிறார். இடது பக்கம் தேதி. நடுவில் தளத்தின் பெயரும், அது திறக்க எத்தனை நிமிடம் பிடித்தது என்பதும். வலது ஓரத்தில், பொடிப்பொடி எழுத்தில், அன்றைக்குக் கடையில் யார் இருந்தார்கள் என்பது. அதே வெள்ளெலிப் பக்கத்துக்கு நேராக வலது ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: “மித்னாப்பூர்ப் பையன், 3-ம் நம்பர் கம்ப்யூட்டர். அப்பாவுக்கு உள்ளே ஆபரேஷன். மெயில் பார்க்க வந்தவன் பார்க்காமலே உட்கார்ந்திருந்தான். எலி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். சிரித்தான். நாலு முறை போடச் சொன்னான். காசு வாங்கவில்லை.”

இதை நான் மூன்று முறை படித்தேன். தட்டச்சுப் பிரதியில் இந்த ஓரம் முழுவதும் விடுபட்டிருக்கிறது. சொந்த விஷயம், புத்தகத்துக்கு எதற்கு என்று அவரே ஒதுக்கியிருப்பார். உங்கள் கணவர் எழுத வேண்டிய புத்தகம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. தளங்களின் பட்டியலை வேறு யாரும் தயாரித்துவிட முடியும். மித்னாப்பூர் இருக்கும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்காக இரண்டு நாள் ரயிலில் வந்து, காட்பாடியில் இறங்கி, காந்தி சாலை லாட்ஜ்களில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து எதைப் பார்த்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று எழுதி வைத்தவர் உங்கள் கணவர். எனக்குத் தெரிந்து வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

இப்படிப்பட்ட வழிகாட்டிகள் புதியவை அல்ல என்பதையும் உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். இணையம் பரவிய முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேடிக்கைத் தளங்களுக்கான வழிகாட்டிகள் அச்சுப் புத்தகங்களாகவே வந்தன. அன்று தேடுபொறிகள் இன்றுபோல் இல்லை. எது எங்கே இருக்கிறது என்பதை யாராவது கைப்படப் பட்டியல் போட்டுத் தர வேண்டியிருந்தது. யாஹூவே 1994-ல் இரண்டு மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த தளங்களைத் தொகுத்த பட்டியலாகத்தான் பிறந்தது. அந்தப் பட்டியலை அந்த நிறுவனம் 2014 இறுதியில் மூடிவிட்டது. அப்படி ஓர் ஆங்கில வழிகாட்டியைப் பல வருடங்களுக்கு முன் சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். உங்கள் கடிதம் வந்த அன்று அதிலிருந்து பத்து முகவரிகளைத் தட்டிப் பார்த்தேன். இரண்டுதான் திறந்தன. ஆனால் எழுதியவர் எந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் பார்த்ததுபோல் விவரித்திருந்தாரோ, அந்தப் பக்கம் செத்த பிறகும் அவர் வரிகளில் எனக்குத் தெரிந்தது. வெறும் கிண்டலோடு விட்ட பக்கங்களைப் பற்றி எதுவுமே புரியவில்லை.

உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளுக்குள் காணாமல் போய்விட்டன. உங்கள் கணவர் குறித்தவை அதற்கும் மூத்தவை. இதைக் காரணம் காட்டித்தான் மகன் புத்தகம் வேண்டாம் என்கிறான். எனக்கோ, புத்தகம் வேண்டும் என்பதற்கே இதுதான் முதல் காரணம்.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், மரமில்லாத மலை என்று வேலூரை அடுக்குவார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் உதவாதவற்றுக்கு ஒரு வழிகாட்டிதான். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். அன்றோடு அந்தக் கேலியில் ஒரு வரி பொய்யாகிவிட்டது. ஆனாலும் யாரும் அந்த வரியை நீக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டி, வெறும் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த தன் சிறுவயதைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பட்டியலில் உள்ள பொருள் மாறிப்போனது, பட்டியல் போட்டவர்கள் கண்ட காட்சி மிஞ்சியது. தளங்கள் மறைந்த பிறகு உங்கள் கணவரின் நோட்டும் இப்படித்தான் நிற்கும், அவர் கண்டதைக் கண்டபடி எழுதினால்.

இனி அவர் திருத்த வேண்டியவற்றுக்கு வருகிறேன்.

“வேலை வெட்டி இல்லாதவர்” என்ற வரியை அவர் அடிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த வெள்ளெலிப் பக்கத்தை 1998-ல் செய்தவர் கனடாவில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். தன் சகோதரியோடும் தோழியோடும், யாருடைய பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று போட்டி வைத்து, தான் வளர்த்த வெள்ளெலியை மனதில் வைத்துச் செய்தார். நான்கே நான்கு அசையும் படங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினார், அவ்வளவுதான். உலகமே வந்து பார்த்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் ஒரு காபிப் பாத்திரத்தை மட்டும் நாள் முழுவதும் காட்டிக்கொண்டிருந்த பக்கமும் அவருடைய நோட்டில் இருக்கிறது. “யாருக்கு வேண்டும் இது?” என்று கேட்டிருக்கிறார். வேறு மாடிகளில் வேலை செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது. படியேறி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கும் என்பதால், 1991-ல் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 1993-ல் அது இணையத்துக்கு வந்தது. இன்று நாம் வெப்கேமரா என்று சொல்வதற்கு முன்னோடி அதுதான். 2001 ஆகஸ்டில் அதை அணைத்தபோது, அந்தக் காபிப் பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. இந்த விவரங்களைச் சேர்த்து எழுதினால் படிப்பவர் கூடுதலாகச் சிரிப்பார், சிரிப்பில் யாரும் காயப்படவும் மாட்டார்கள்.

அடுத்தது மிக முக்கியம். பழைய முகவரிகளை அப்படியே அச்சிடக் கூடாது. ஒரு தளத்தின் பெயருக்கு உரியவர் பணம் கட்டாமல் விட்டுவிட்டால், அந்தப் பெயரை வேறு எவரும் வாங்கிக்கொள்ளலாம். சூதாட்டக்காரர்களும் ஆபாசத் தளம் நடத்துபவர்களும் இப்படிக் கைவிடப்பட்ட பெயர்களைத் தேடி வாங்குகிறார்கள். எலி ஆட்டம் பார்க்கலாம் என்று நம்பி உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று கைப்பேசியில் அந்த முகவரியைத் தட்டினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு முகவரியையும் இன்று திறந்து பார்த்தாக வேண்டும். திறப்பதை மட்டும் முகவரியோடு போடலாம். மறைந்தவற்றுக்குத் தளத்தின் பெயரும், அவர் பார்த்த ஆண்டும் போதும். இந்த வேலையை உங்கள் மகனிடம் ஒப்படையுங்கள். அமெரிக்காவின் இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் பழைய பக்கங்களைச் சேமித்து வருகிறது. 2001 முதல் அதன் ‘வேபேக் மெஷின்’ பகுதியில், பழைய முகவரியையும் ஆண்டையும் கொடுத்தால் அன்றைய பக்கத்தை யாரும் பார்க்கலாம். அந்தக் கால விளையாட்டுப் பக்கங்கள் பலவும் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடியவை. 2020 டிசம்பர் 31-ஓடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டதால், பக்கம் இருந்தும் படம் அசையாது. அவற்றில் பலவற்றையும் அதே காப்பகத்தில் மீண்டும் இயங்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை வரிவரியாகச் சரிபார்க்கட்டும்.

படங்களை எடுத்துப் போடும் ஆசை இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவை பிறருக்கு உரிமையானவை, அனுமதி வாங்க உரியவர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அவருக்கு எழுதவே நன்றாக வருகிறது.

ஒன்றை அவரிடம் நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். அனுப்பிய இரண்டு பக்கங்களில் தமிழ்த் தளம் ஒன்றுகூட இல்லை. மூன்று நோட்டுகளிலும் ஒன்றுமே இல்லையா? அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரை முழுக்கக் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியும். தமிழக அரசு 1999-ல் எழுத்துருக்களுக்கு ஒரு தரநிலையை அறிவித்து, பிறகு 2010-ல் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டை ஏற்றுக்கொள்ளும் வரை இந்தத் தொல்லை நீடித்தது. அதனால் அன்றைய தமிழ்ப் பக்கங்கள் காப்பகத்தில் கிடைத்தாலும் பலவற்றைப் படிக்க முடிவதில்லை. ஜோசியப் பக்கமோ, ரசிகர் மன்றப் பக்கமோ, ஒருவர் தன் வீட்டுக் கொலுவைப் படம் பிடித்துப் போட்ட பக்கமோ, தமிழில் எதைப் பார்த்திருந்தாலும் அதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத் தளங்களைப் பற்றி எழுத உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம்முடையதை நாம்தான் எழுத வேண்டும்.

பணத்துக்கு வருவோம். 1,000 பிரதிகள் வேண்டாம். முதல் புத்தகத்துக்கு 1,000 பிரதி அடித்துவிட்டு, பரணில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்து வருந்தியவர்களை எனக்குத் தெரியும். டிஜிட்டல் அச்சில் 100 பிரதிக்கு என்ன ஆகும் என்று இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்கச் சொல்லுங்கள். பிரதி ஒன்றுக்கு அடக்கவிலை கூடும், ஆனால் கையைவிட்டுப் போகும் மொத்தத் தொகை பெரிதும் குறையும். விற்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் அரசு இலவசமாகவே தருகிறது, அதற்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். சீட்டுப் பணம் உங்கள் உழைப்பு. அதிலிருந்து ஒரு சிறு தொகையை நீங்களாக விரும்பிக் கொடுத்தால் கொடுங்கள், மீதியை அவர் ஜெராக்ஸ் கடை வருமானத்திலிருந்து சேர்க்கட்டும். மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்போது விற்பனைக்கு வைக்க, தெரிந்த பதிப்பாளர் யாரிடமாவது அரங்கில் ஓரமாக இடம் கேட்கலாம்.

சொந்தபந்தங்கள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். நகைச்சுவைப் புத்தகம்தானே, சிரிக்கட்டும். அந்த மித்னாப்பூர்ப் பையனின் பக்கத்தைப் படித்துவிட்டு உங்கள் கணவரைக் குறைத்துப் பேசுகிற சக ஆசிரியர் ஒருவரும் இருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்களே அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று நோட்டுகளில் அதைத் தேர்ந்தெடுத்தது உங்கள் கைதான் அல்லவா?

கடைசியாக ஒரு கடமையை நினைவூட்டுகிறேன். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தையும் 30 நாட்களுக்குள் நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். தனியாள் வெளியிட்டாலும் இதே விதிதான். சென்னையில் கன்னிமாராவுக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று, தில்லிக்கு ஒன்று. நான்காவது பிரதி கொல்கத்தாவில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். மித்னாப்பூரிலிருந்து அது சில மணி நேர ரயில் பயணம்தான்.