நிரல் குறியீட்டை மாற்றாமலே சோதனை சில முறை தோற்பது ஏன்?

உங்கள் கேள்வி: உள்நுழைவு முதல் பணம் கட்டுவது வரை முழு வலைச் செயலியையும், பிரவுசரைத் தானாக இயக்கும் கருவியான செலினியத்தில் சோதிக்கிறீர்கள், அதே சோதனை ஒருமுறை தேறுகிறது, மறுமுறை தோற்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி காத்திருப்புதான். பக்கம் வந்துவிட்டாலும் பொத்தானை ஜாவாஸ்கிரிப்ட் சற்றுப் பிறகே வரைகிறது. அதற்குள் சோதனை அதை அழுத்தப் பார்க்கிறது. ‘மூன்று நொடி தூங்கு’ என்று எழுதுவது மருந்தாகாது. வேகமான கணினியில் நேரம் வீண். சர்வர் திணறும்போது அந்த மூன்று நொடியும் போதாது. பொத்தான் அழுத்தக்கூடிய நிலைக்கு வரும்வரை காத்திருக்குமாறு நிபந்தனையோடு எழுதுங்கள். செலினியத்தில் வெப்டிரைவர்வெயிட் இருப்பதே அதற்குத்தான். 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அதே வகைக் கருவியான பிளேரைட், அழுத்துவதற்கு முன் இந்தச் சரிபார்ப்பைத் தானாகவே செய்துகொள்கிறது. புதிதாகத் தொடங்குவதென்றால் நான் அதையே எடுப்பேன்.

அடுத்த சந்தேகம் தரவின்மீது. இரண்டு சோதனைகள் ஒரே பயனர் கணக்கைப் பகிர்ந்தால், ஒன்று காலி செய்த கூடையில் மற்றொன்று பொருளைத் தேடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கை ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் வழி) வழியாக உருவாக்குங்கள். பணம் கட்டும் இடத்தில் கட்டணச் சேவையின் சோதனைச் சூழல் போதும் (சொந்த அட்டையோடு விளையாட வேண்டாம்).

தள்ளுபடிக் கணக்கீட்டின் எல்லா வகைகளையும் பிரவுசர் வழியாகச் சோதிக்காதீர்கள். அவை நிரலின் சிறு பகுதியை மட்டும் தனியே சோதிக்கும் யூனிட் சோதனைக்கு உரியவை. அங்கே மில்லிநொடிகளில் முடிந்துவிடும்.