‘ஃப்ரீமேசன்’ என்ற சகோதரத்துவச் சங்கத்தின் அமெரிக்கக் கிளைகளில் (லாட்ஜுகளில்) கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி அமைப்புகள் ஏன்? இப்போதாவது சேர்ந்து செயல்படுகிறார்களா?

பிரிவின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. 1775இல் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பரும் அவரோடு 14 பேரும் பிரிட்டிஷ் படையைச் சார்ந்த ஒரு லாட்ஜில் சேர்ந்தார்கள். (பிரின்ஸ் என்பது அவருடைய பெயர்தான், இளவரசர் அல்லர்.) உள்ளூர் வெள்ளையர் அவர்களை அண்டவிடவில்லை. அதனால் இங்கிலாந்திலுள்ள மேசன் தலைமைக்கு எழுதி, 1784 தேதியிட்ட உரிமப் பட்டயம் பெற்று, ‘ஆப்பிரிக்கன் லாட்ஜ்’ நடத்தினார்கள். இன்றைய பிரின்ஸ் ஹால் லாட்ஜுகள் அதன் வழி வந்தவை.

‘எல்லோரும் சகோதரர்’ என்ற விதி ஏட்டில் இருந்தது. ஆனால் புதியவரைச் சேர்க்க ரகசிய வாக்கு; எதிர்ப்பைக் குறிக்கும் கறுப்பு உருண்டை ஒன்றே ஒன்று பெட்டியில் விழுந்தாலும் கதவு அடைபட்டுவிடும். நிறவெறிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா?

வாஷிங்டன் மாநிலத்தில் வில்லியம் அப்டன் என்ற வெள்ளையர் முயன்று, 1898இல் கறுப்பர் லாட்ஜுகளுக்குச் சாதகமாகத் தீர்மானம் நிறைவேற்றவைத்தார். பிற மாநில வெள்ளை மேசன்கள் உறவை முறித்ததும் மறு ஆண்டே தீர்மானம் பின்வாங்கப்பட்டது. இரு தரப்பும் சகோதரர்களாகச் சேரும்வரை தன் கல்லறைமேல் கல் நடக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார் அப்டன். அவர் இறந்து 80 ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் கல் நட்டார்கள்.

1989இல் கனெக்டிகட்டில் இரு தரப்பும் ஒன்றையொன்று அங்கீகரித்தன. பெரும்பாலான மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அங்கீகாரம் என்றால் இணைப்பு அன்று. ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் சக மேசனாகவே போகலாம், சேர்ந்து தொண்டு செய்யலாம்; நிர்வாகம் தனித்தனிதான். 200 ஆண்டு தாங்களே கட்டிக் காத்த வீட்டைக் கறுப்பர்கள் ஏன் கலைக்க வேண்டும்?