படிக்கப் போகும் ஊரில் அரண்மனையும் அருங்காட்சியகமும்: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி மாணவி): அக்கா, பாரிஸில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஸ்டூடண்ட் ஐடி காட்டினால் அங்கே லூவர் அருங்காட்சியகத்தில் டிக்கெட் வேண்டாமா?

பதில்: ஐடியை நம்பிப் போகாதேம்மா. அங்கே பார்ப்பது வயதும் குடியிருப்பும்தான். 26 வயது ஆகாமல், ஐரோப்பாவில் வசிக்கிறவள் என்று காட்ட முடிந்தால் இலவசம். அதனால் நீண்டகால விசா உள்ள பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள். வெர்சாய் அரண்மனையிலும் இதே கணக்குதான். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, வெர்சாய்க்குத் திங்கள். இதை மாற்றி நினைத்துப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

கேள்வி (திருவையாறு): லூவரை ஒரே நாளில் முடித்துவிடலாமா?

பதில்: முடியாது. இரண்டு கூடம் போதும், அப்புறம் இன்னொரு நாள் போங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை, ஒரு அம்மா): பெண் கோபன்ஹேகனில் படிக்கிறாள். நாங்களும் போகிறோம். எந்த அரண்மனை பார்க்கலாம்?

பதில்: ரோசன்போர்க் போங்கம்மா. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் கட்டியது. உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது இவர் ஆட்சியில்தான். இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். அரண்மனையின் நிலவறையில் ராஜ கிரீடங்கள், மேல்மாடியில் அரியணைக்கு முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனால் அங்கே சுவாரசியம் கூடும். அரச குடும்பம் இப்போது இருப்பது அமாலியன்போர்க் அரண்மனையில். அங்கே பகல் 12 மணிக்குக் காவலர் மாறுவதைக் காசில்லாமல் பார்க்கலாம்.

கேள்வி (சுவாமிமலை): அக்கா, எங்கள் வீட்டில் சிலை வார்ப்புதான் தொழில். நான் நெதர்லாந்தில் படிக்கப் போகிறேன். ஆம்ஸ்டர்டாமில் நம் நடராஜர் இருக்கிறாராமே?

பதில்: இருக்கிறார் தம்பி, ரைக்ஸ் மியூசியத்தில். சோழர் காலத்தவர், ஒன்றரை மீட்டர் உயரம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி வார்ப்பு என்று கண்டுபிடித்தார்கள். உங்கள் பட்டறையில் கேட்டிருந்தால் மெழுகு பிடிக்கும்போதே சொல்லியிருப்பார்கள்! கோயிலில் அலங்காரத்துக்குள் முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். அங்கே முழு உடம்பையும் பார்க்கலாம். முடிந்தால் பின்பக்கமும் போய்ப் பார், சடை விழுகிற அழகு அங்கேதான். இதற்குக் கண்ணைப் பழக்க, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போ. தலைப்பாகையாகச் சுற்றிய அந்தச் சடையைப் பார்த்தவனுக்கு எந்த ஊர் வெண்கலமும் சுலபமாகப் பிடிபடும்.

எந்த மியூசியத்திலும் சிலைக்கு அடியில் இருக்கும் சீட்டையும் படி. எந்தக் கோயில், எப்போது வந்தது என்று எழுதவில்லையென்றால் கேள். கேட்பதில் தப்பில்லை. திருவாரூர் மாவட்டத்திலிருந்து கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் லண்டன் கோர்ட்டில் வழக்கு ஜெயித்து 1991-ல் திரும்பி வந்தவர்தானே.

கேள்வி (கும்பகோணம்): ஸ்பெயினில் எப்படி?

பதில்: மாட்ரிட் பிராதோ மியூசியத்தில் 18 முதல் 25 வயது வரை மாணவர்களுக்கு இலவசம், இங்கே ஐடி செல்லும். மற்றவர்கள் திங்கள் முதல் சனி வரை மாலை 6 மணிக்கு மேல் போனால் டிக்கெட் இல்லை. வரிசை நீளமாக இருக்கும், முன்னாலேயே போய் நில்லுங்கள்.

கேள்வி (திருவாரூர்): பையில் புளியோதரை கொண்டு போகலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கூடத்துக்குள் பிரிக்கக் கூடாது. லூவர் என்றால் வெளியே வந்து டுயிலரி தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாற்காலிக்கு வாடகை கிடையாது.