பென் டிரைவை எதில் செருகுவார்?

கேள்வி: வேலைக்காக வெளிநாடு போகிறேன். பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்த டெஸ்க்டாப்பை விட்டுப்போக மனமில்லை. கேபினெட்டோடு அனுப்பலாமா, கழற்றி எடுத்துப் போவதா? அந்த நாட்டு மின்சாரம் ஒத்துவருமா? வீட்டில் இருப்பது இந்த ஒரு கம்ப்யூட்டர்தான். காலமான அப்பாவின் வீடியோக்கள் அதில் இருக்கின்றன, அம்மா தினமும் சாயங்காலம் போட்டுப் பார்ப்பார். அவருக்குப் பென் டிரைவில் காப்பி கொடுத்துவிடுவேன்.

பதில்: கேபினெட்டை அப்படியே அனுப்பாதீர்கள். ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டின் ஒரு ஸ்லாட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியை எவராவது தூக்கிப் போட்டால் ஸ்லாட்டோடு பெயர்ந்து வரலாம். மின்சாரத்துக்கு, பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் அந்த நாட்டு பிளக் உள்ள ஒயர் மட்டும் போதும். 200-240 என்று மட்டும் இருந்தால் 120 வோல்ட் நாட்டில் ஓடாது.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. இப்போது நான் கேட்கிறேன். அந்தப் பென் டிரைவை உங்கள் அம்மா எதில் செருகுவார்?

இருக்கிற ஒரே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர், கையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போகிறாராம்! டிவியில் போடலாமே என்பீர்கள். ரிமோட்டில் எதை அழுத்தினால் அது திறக்கும், டிவி ஏற்காத ஃபைலை என்ன செய்வது என்று சொல்லித்தர அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? அவர் பழகியது ஸ்கிரீனின் மூலையில் இருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை. இரண்டு தடவை தட்டினால் வீட்டுக்காரர் பேசுகிறார். அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறோம் என்று உங்களுக்கு உறைக்கவே இல்லையே, அதுதான் எனக்குக் கோபம்.

பிள்ளைகள் பிழைப்புக்காகப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவள் புழங்குகிற பொருளைக் கிளப்பிக்கொண்டு போக எந்தப் பிள்ளைக்கும் உரிமையில்லை என்பது என் கட்சி. காசு போட்டு வாங்கியது நீங்களாகவே இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் அம்மாவிடம் இருக்கட்டும். ஆசைக்குக் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி, நிலைமின்சாரம் தாக்காத ஆன்டி ஸ்டாடிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை அங்கே சம்பாதித்து வாங்குங்கள். ஆனால் அதற்குமுன், கார்டு இல்லாமலே ஸ்கிரீனில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் உங்கள் பிராசசரிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்டெலில் மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் இருக்காது. அப்படியானால் கார்டையும் தொடாதீர்கள். இருந்தால், மானிட்டர் கேபிளை மதர்போர்டின் போர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வீடியோக்களின் காப்பி வேண்டியது உங்களுக்குத்தான். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பியிருந்தால், அது போகிற அன்று அப்பாவின் குரலும் போய்விடும். தூரத்திலிருந்தே திறந்து சரிசெய்யும் ரிமோட் மென்பொருளையும் போட்டுவையுங்கள்.

கார்டைக் கழற்றுவதைக் கிளம்பும் நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். ஒரு வாரம் முன்பே கழற்றிவிட்டு, அம்மாவே ஆன் செய்து பார்க்கட்டும். நீங்கள் கைகொடுக்காமல், எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.