அனான்சியைத் திருத்த வேண்டாம்

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஜமைக்காவைப் பூர்விகமாகக் கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, என் ஏழு வயது மகனுக்கு அனான்சி என்ற சிலந்தியின் கதைகளைச் சொல்கிறார். இரவில் அவற்றைத் தமிழில் சொல்லும்படி அவன் கேட்கிறான். அனான்சியோ பொய் சொல்கிறான், ஏமாற்றுகிறான், பல கதைகளில் தண்டனையும் இல்லை. அவன் திருந்துவதாக முடிவை மாற்றலாமா? தெனாலிராமன் மாதிரி என்று சொல்லிவிடலாமா? அடிமை முறையைப் பற்றியும் சொல்ல வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடிவை மாற்றாதீர்கள். வேண்டிக் கேட்கிறேன்.

கானாவின் அக்கான் மக்கள் மொழியில் அனான்சி என்றால் சிலந்தி. உலகத்துக் கதைகள் எல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருந்தனவாம். அவற்றை விலைக்குக் கேட்டுப் போகிறான் இந்தச் சின்னப் பூச்சி. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், யார் கண்ணிலும் படாத காட்டுத் தேவதை, இத்தனையையும் பிடித்து வா என்கிறார் கடவுள். அனான்சி நேரே மனைவி ஆசோவிடம் யோசனை கேட்கிறான். (ஆசோவை விட்டுவிடாதீர்கள். பாதி மூளை அவளுடையது.) பிறகு குளவிக்கூட்டின் மேலும் தன் மேலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வாழையிலையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, “ஐயோ, மழை! என் சுரைக்குடுக்கைக்குள் வந்துவிடுங்கள்” என்று கூப்பிடுகிறான். கடைசிக் குளவி நுழைந்ததும் வாயை அடைத்துவிடுகிறான். இதில் எந்த இடத்தில் அவனைத் திருத்துவீர்கள்? பொய்யை எடுத்தால் கதையே இல்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து அக்கான் மக்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஜமைக்காவில் சொல்லப்படும் வடிவத்தில் நியாமே இல்லை. கதைகள் புலியின் பெயரில் இருக்கின்றன. அந்தத் தீவில் புலியே கிடையாது. ஆனால் கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி பட்டவர்களுக்குப் புலி யார் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. தெனாலிராமனுக்குக் கோபித்தாலும் கடைசியில் சிரித்துப் பரிசு கொடுக்கிற ராஜா உண்டு. அனான்சிக்கு அப்படி ஒருவரும் இல்லை. அந்த ஒப்பீடு வேண்டாம். அவனுடைய பெயரும் ஊரும் அவனிடமே இருக்கட்டும்.

அடிமை முறையைப் பற்றிச் சொல்லுங்கள். ஏழு வயதுக்குச் சில வாக்கியங்கள் போதும்: “இந்த மக்களைப் பிடித்து, விலங்கிட்டு, கப்பலில் கடலுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். எதையும் எடுத்துவர முடியாதவர்கள் கதையை மனதில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.” அவன் மேலும் கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் காத்திருங்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது, முழு விடுதலை 1838இல்தான் கிடைத்தது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். அவன் வளர்வது பிரிட்டனில்தானே.

அனான்சி தோற்கும் கதைகளும் இருக்கின்றன. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, வயிற்றில் கட்டிக்கொண்டு மரமேறப் பார்க்கிறான், பானை இடிக்கிறது. “முதுகில் கட்டுங்கள் அப்பா” என்கிறான் கீழே நிற்கும் மகன். இன்றிரவு இதைச் சொல்லுங்கள்.

உங்கள் பயம் ஜமைக்காப் பாட்டிகளுக்கும் இருந்திருக்கிறது. கதை முடிந்ததும் அவர்கள் சொல்லும் ஒரு வரி உண்டு: “ஜாக் மண்டோரா, மீ நோ சூஸ் நன்.” ஜாக் மண்டோரா சொர்க்கத்தின் வாயிற்காவலன் என்பார்கள். அனான்சி செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று அவனிடம் சொல்லிவைப்பதாம். அதை மட்டும் தமிழாக்க வேண்டாம். எப்படி உச்சரிப்பது என்று உங்கள் மகனே பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வரட்டும்.